எண்பது முழுகுவத்திகள்

ஆகஸ்ட் 3, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். என் பெண் வாலு தூங்கினால்தான் எனக்குக் கை காலியாகும். அவள் இன்று தூங்கியது பத்தே முக்காலுக்கு.

யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? நோட்டிடமா? படிக்கப் போவது நான் ஒருத்திதானே. பழக்கதோஷம். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே 'சாரி' சொல்கிறவள் நான்.

இந்த நோட்டில் முதல் நான்கு பக்கம் ஜனவரியில் எழுதியது. நடுவில் ஒரு பக்கத்தில் 'பால், சோப்பு, பேனா' என்று மட்டும் இருக்கிறது. அப்புறம் ஏழு மாதம் வெள்ளைத் தாள். இதைத்தான் நேற்று என் நாத்தனார் ஊரறியச் சொன்னாள். நோட்டைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி.

நடந்தது இதுதான். நேற்று அத்தை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இம்மாதம் 29ஆம் தேதி நாத்தனாருக்குக் கல்யாணம். காலையில் பதிவு, மாலையில் விருந்து. விருந்து மண்டபத்தின் முன்னால் ஒரு நீர்த்தொட்டி இருக்கிறதாம், முழங்கால் ஆழம். அதில் பிளாஸ்டிக் பூவிளக்கு விடலாமா என்று பேச்சு. என் வாய் சும்மா இருக்கவில்லை. "பிளாஸ்டிக் எதுக்கு? மிதக்குற மெழுகுவத்தி நானே செஞ்சு தரேன். எண்பது."

எண்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

பிறகு நாத்தனார், தண்ணீர் குடித்துக்கொண்டே: "அண்ணி ஆரம்பிக்கட்டும். முடிக்கறதுக்கு நாம வேற ஆள் பாத்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "ஒத்தக் கை ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கா? தபால்ல படிக்க ஆரம்பிச்ச கோர்ஸ்? மாடித் தோட்டம்? எங்க அண்ணி சாதாரண அண்ணி இல்ல. ஆரம்ப அண்ணி."

ஆரம்ப அண்ணி. எவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்டது பார். இவரும் சிரித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தால் எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

நாக்கில் தேள் வைத்துக்கொண்டு பிறந்தவள். போகிற வீட்டில் என்ன பாடு படுத்தப் போகிறாளோ. இதை இங்கே எழுதிவிட்டேன், நிம்மதி.

எண்பதையும் முடித்துக் காட்டாவிட்டால் ஆயுள் முழுக்க நான் ஆரம்ப அண்ணிதான். என் பெண் கல்யாணத்திலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அடுப்பை அணைத்தேன். பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

ஆகஸ்ட் 5, புதன்

மெழுகுக் கட்டி நான்கு கிலோ, ஒரு சுருள் திரி, பன்னிரண்டு குழி உள்ள கேக் தட்டு ஒன்று. குழிகள் பூ மாதிரி மடிப்பு மடிப்பாக, மேலே அகலம், அடியில் குறுகல். மிதப்பதற்கு அந்த வடிவம்தான் சரியாம். அடி குறுகலாக இருந்தால் தலை சாயாது.

நான் வேதியியல் பட்டதாரி. அடர்த்தி பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பதரை வாங்கியவள். மெழுகு தண்ணீரைவிட லேசு, அதனால் மிதக்கும். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டேன். பதினேழு வந்தது.

1. வாலு அடுப்பருகே வருவது. 2. மெழுகு நேரடியாகச் சூடேறித் தீப்பிடிப்பது. (பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. நேரடி நெருப்பே கிடையாது.) 3. விருந்தன்று காற்று. 4. விருந்தன்று மழை. 5. யாருடைய துப்பட்டாவாவது...

முழுதும் எழுதவில்லை. தனித்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இவர் தண்ணீர் எடுக்க வந்து படித்துவிட்டு, "பதினாறாவது என்ன, 'நான் மயங்கி தொட்டியில் விழுவது'?" என்றார்.

"நடக்காதா?"

"முழங்கால் தண்ணி."

"மயங்கினா முழங்கால் என்ன, கணுக்கால் போதும்."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். இவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஆறு மாடிக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு என் கவலை எப்படிப் புரியும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

முதல் ஈடு, பன்னிரண்டு.

சமையலறை வாசலில் இரண்டு நாற்காலியைப் படுக்கப் போட்டுக் கோட்டை கட்டினேன். கோட்டைக்கு வெளியே வாலு, பொம்மைகளோடு, மேற்பார்வை. மூன்றரை வயது மேற்பார்வையாளரைவிடக் கடுமையான மேலதிகாரி உலகத்தில் இல்லை. "ஏன் உருகுது? இன்னும் ஏன் உருகல? நீ ஏன் மூச்சு விடற?"

"இது என்னம்மா?"

"மெழுகுவத்தி."

"முழுகுவத்தி."

"மெ. மெ-ழு-கு."

"அதான். முழுகுவத்தி."

திருத்தினேன், திருத்தினேன், வாய் வலித்தது. சாயங்காலம் இவர் வந்ததும், "என்ன, முழுகுவத்தி கம்பெனி எப்படிப் போகுது?" என்கிறார். வீட்டில் இனி அதுதான் பேர் போலிருக்கிறது.

திரியை முதலில் மெழுகில் முக்கி எடுத்து, நேராக இழுத்து ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும்போது தூங்கி விழுகிறது. ஊற்றி ஆறியதும் நடுவில் குழி விழுகிறது, கன்னக்குழி மாதிரி. அதில் இன்னொரு கரண்டி ஊற்றி நிரப்ப வேண்டும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது, குழியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் 'பாதியில் விட்டாள்' என்பாள் ஒருத்தி.

ஆகஸ்ட் 8, சனி

நிறத்துக்கு வாலுவின் க்ரேயானை உருக்கிப் போட்டது தப்பு. திரி அடைத்துக்கொண்டு நான்கே நிமிஷத்தில் அணைகிறது. வாலு தன் ஆரஞ்சு க்ரேயானைக் கேட்கிறாள். அது இப்போது பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 10, திங்கள்

இன்று ஒரு மணி நேரம் நான் மேதை.

சரியான மெழுகுச் சாயம் வாங்கினேன். அதோடு அலங்காரத்துக்கு நீலக் கண்ணாடி மணிகள். ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒரு சின்னப் பிடி. வாளியில் விட்டேன், மிதந்தது. ஏற்றினேன், எரிந்தது. நீலம் தண்ணீருக்குள் மினுங்கியது. படம் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டு, கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படமே பேசட்டும் என்று. நாத்தனார் மட்டும் ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். ஒரே ஒரு கட்டைவிரல். சரி.

துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், வாளிக்கு முன்னால் வாலு குந்தியிருக்கிறாள். அசையவில்லை. எட்டிப் பார்த்தேன். பூவின் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. கண்ணெதிரே ஒரு பக்கம் தாழ்ந்து, 'ஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

வாலு கை தட்டினாள். "முழுகுவத்தி முழுகிடுச்சு."

அவள் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பட்டியலில் இது இல்லை. மெழுகுவத்தி மூழ்கும் என்று எந்தப் பைத்தியம் பயப்படும்? சாயங்காலம் இவரிடம் காட்டினேன். வாளிக்குள் கையை விட்டு எடுத்து, திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை பேரை ஏத்தியிருக்க இதுல?"

"என்ன?"

"லிஃப்ட்ல ஆள் கூடினா மணி அடிக்கும், கதவு மூடாது. இதுக்கு மணி கிடையாது. கண்ணாடி கனம். மொதல்ல மெழுகு நிறைய இருந்துச்சு, தாங்குச்சு. எரிய எரிய மெழுகு குறையுது, ஆளுங்க குறையல. இறக்கு எல்லாரையும்."

ஒன்பதரை மதிப்பெண். வெட்கக்கேடு.

ஒரே ஒரு கேள்வி மட்டும்: போட்ட படத்தை இப்போது அழித்தால் தெரியுமா?

ஆகஸ்ட் 12, புதன்

மணிகள் வேண்டாம். மெழுகையே தட்டில் மெல்லிசாக ஊற்றி, அரைச்சூட்டில் கத்தியால் இதழ் இதழாக வெட்டி, பூவின் மேல் ஒட்டினேன். மெழுகுக்கு மெழுகு கனமில்லை. வாளியில் விட்டு ஏற்றினேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். மிதக்கிறது.

சந்தோஷம் தாங்காமல் அத்தைக்கு ஃபோன் செய்தேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. "அத்தை, ஒரு நல்ல சேதி. முழுகாம இருக்கு."

அந்தப் பக்கம் குரல் அப்படியே இறங்கியது. "சந்தோஷம்மா. இப்ப யார்கிட்டயும் சொல்லிக்காதே. கனமா எதையும் தூக்காதே."

விருந்தன்று எல்லோரையும் ஆச்சரியப்படுத்தலாம் என்கிறார் போல. அத்தைக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

அடுப்பு: மூன்று முறை.

ஆகஸ்ட் 13, வியாழன்

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சிரிப்பும் வருகிறது, தரைக்குள் போய்விடலாம் போலவும் இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு அத்தை வந்தார். பை நிறைய மாதுளம்பழம். வந்ததும் என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார். கீழே விழுந்த திரியை எடுக்கக் குனிந்தால், "குனியாதே." நாற்காலி இழுத்துப் போட்டு, உட்கார வைத்து, மாதுளையை உதிர்த்துக் கிண்ணத்தில் கொடுத்தார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் எனக்கு இந்த உபசாரம் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. வாலு வயிற்றில் இருந்தபோது.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பட்டதாரி.

மதியம் இவர் வேலையை விட்டு ஓடி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"எது?"

"நீ முழுகாம இருக்கறது."

ஐயோ.

நான் சொன்னது மெழுகுவத்தி. அத்தை காதில் விழுந்தது மருமகள். வாலுவுக்குத் தம்பியோ தங்கையோ என்று அந்த வீட்டில் நேற்றிலிருந்து பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் இவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து திருப்பினேன். சிரிப்பு. மூச்சு வாங்க முடியாத சிரிப்பு.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றேன்.

"நானா? நான் ஆறாவது மாடியிலிருந்துகூட குதிக்கறேன்."

நாளைக்குச் சொல்ல வேண்டும். எப்படி? 'அத்தை, நான் முழுகிக்கொண்டுதான் இருக்கிறேன்' என்றா?

ஆகஸ்ட் 14, வெள்ளி

சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒத்தாசை செய்ய அத்தை நாத்தனாரை அனுப்பிவைத்தார். வந்தவள் வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாலு வாளியைக் காட்டி, "அத்தை, முழுகுவத்தி முழுகல," என்றாள்.

அவள் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புத்திசாலி, ஒத்துக்கொள்கிறேன்.

"அண்ணி. எங்கம்மாகிட்ட ஃபோன்ல என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம."

சொன்னேன். கோட்டைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். இரண்டு பேரும் படுக்கப் போட்ட நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வாலுவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். சிரிப்பு ஓய்ந்ததும் அவளே ஃபோனை எடுத்தாள். "அம்மா, அண்ணி இல்லம்மா. மெழுகுவத்திதான் முழுகாம இருக்கு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஃபோனைக் கையால் மூடி என்னிடம்: "மாதுளம்பழம் மிச்சம் இருந்தா திருப்பித் தரணுமாம்."

போய்விடுவாள் என்று நினைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு கோட்டைக்குள் தாண்டி வந்தாள். "திரி வெட்டறது யாரு?"

ஆகஸ்ட் 18, செவ்வாய்

நாத்தனார் தினமும் மதியம் வருகிறாள். திரியைக் கால் விரற்கடை விட்டு வெட்டுகிறாள், எல்லாம் ஒரே அளவு. கிண்டலும் அளவு குறையாமல் நடக்கிறது. "ஆரம்ப அண்ணி, இது நாலாவது ஈடு. உங்க சரித்திரத்துலயே நாலாவதுன்னு ஒண்ணு இதுவரைக்கும் கிடையாது, ஜாக்கிரதை."

வாலு ஒரு இளஞ்சிவப்புப் பூவை மிட்டாய் என்று நினைத்துக் கடித்துவிட்டாள். நான் டாக்டருக்கு ஃபோன் செய்தேன். "எவ்வளவு சாப்பிட்டா?" "நாலு பல் தடம் இருக்கு டாக்டர்." "பல் எல்லாம் இருக்கா?" "இருக்கு." "அப்ப சரி. மெழுகு வந்த வழி தெரியாம போயிடும். நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க." எனக்குத்தான் தண்ணீராம்.

இதுவரை நாற்பத்து ஏழு. கடிபட்டதைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

அறுபது. பெட்டிகளில் அடுக்கி, நடுவில் தாள் வைத்து, கட்டிலுக்கு அடியில். இவர் வாசனை தாங்காமல் கூடத்தில் படுக்கிறார்.

ஆகஸ்ட் 22, சனி

இன்று ஒன்று நடந்தது, எழுதி வைக்க வேண்டும்.

இதழ் ஒட்டிக்கொண்டிருந்தோம். வாலு கோட்டைக்கு வெளியே தூங்கிவிட்டாள். நாத்தனார் தலை நிமிராமல் கேட்டாள். "அண்ணி, கல்யாணம் ஆன மறுநாள் காலையில எழுந்ததும் என்ன செஞ்சீங்க?"

"அழுதேன். அப்புறம் பல் தேய்ச்சேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் ஒட்டியிருந்த மெழுகோடு கண்ணைத் துடைக்கப் போனாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். (பட்டியலில் பதினொன்று: கண்ணில் மெழுகு.)

மாப்பிள்ளை நல்லவர்தான், இவளுக்கும் பிடித்தவர்தான். ஆனால் போகிற ஊர் எட்டு மணி நேரத் தூரம். அவர் வேலைக்குப் போய்விட்டால் மூன்றாவது மாடி வீட்டில் இவளும் நான்கு சுவரும். "அங்க எனக்கு ஒரு ஈ காக்காயைத் தெரியாது அண்ணி. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி 'நான் புதுசா வந்திருக்கேன்'னு சொல்லணும்னு நினைச்சாலே கை வேர்க்குது. எனக்கு எதையும் ஆரம்பிக்கத் தெரியாது. அதான் உங்களை அப்படிக் கூப்பிடறேன்னு வெச்சுக்கங்க. தப்பாப் போகும்னு பதினேழு காரணம் எழுதி ஒட்டிட்டு, அப்புறமும் ஆரம்பிக்கறீங்களே. எனக்கு அது வராது."

நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. இதழைக் கொடுத்தேன், ஒட்டினாள். இப்போது, அவள் போய் ஏழு மணி நேரம் கழித்து, சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வருகிறது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

நான் அவளை எதற்கும் பயப்படாதவள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

போச்சு.

எழுபத்திரண்டு ஆகியிருந்தது. பெட்டிக்குள் வியர்த்திருந்ததால் இருபத்து நாலை மட்டும் காற்றாட பால்கனியில் வைத்தேன். ஒன்பது மணிக்கு நிழல். பன்னிரண்டு மணிக்கு அங்கே வெயில் வரும் என்று ஐந்து வருஷமாக அந்த பால்கனியில் துணி காயப்போடுகிறவளுக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் பூக்கள் ஒன்றோடு ஒன்று தோளில் கைபோட்டு, இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சும் ஒரே பாளமாக. நாலு நாள்தான் இருக்கிறது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவருக்கு ஃபோன் செய்து, "அந்த பிளாஸ்டிக் பூவிளக்குக்காரர் நம்பர் இருக்கா?" என்றேன். பின்னால் லிஃப்ட் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கு. வேணுமா?"

வேணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாத்தனார் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால், ஒரே ஒரு 'ஆரம்ப அண்ணி' சொல்லியிருந்தால், ஆத்திரத்தில் விட்டிருப்பேன். ஒன்றும் சொல்லவில்லை. பாளத்தைச் சுவரில் சாய்த்து நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு உதடு துடித்தது.

மெழுகு, தாயே. உருகினால் என்ன? வெட்டி மறுபடி பாத்திரத்தில் போட்டால் அது மெழுகுதானே. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அது ஒன்றுதானே எனக்கு நன்றாக வரும்.

"வேணாம்," என்றேன் ஃபோனில். "கத்தி எடு," என்றேன் அவளிடம்.

மூன்று நிறமும் கலந்து ஒரு புது நிறம் வந்திருக்கிறது, பழுத்த மாம்பழத் தோல் மாதிரி. இருப்பதிலேயே அழகான நிறம் அதுதான். கேட்டால் திட்டமிட்டுச் செய்தது என்று சொல்லிக்கொள்வேன்.

அடுப்பு பார்த்தேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

எண்பது. அவசரத்துக்குப் பன்னிரண்டு கூடுதல்.

தொட்டி முன்னால் வைக்க ஒரு அட்டை அச்சடிக்கச் சொன்னேன். வாசகத்தை ஃபோனில் தட்டி அச்சகத்து அக்காவுக்கு அனுப்பினேன். "எழுத்தெல்லாம் சரியாப் பாத்துட்டீங்களா? அச்சடிச்சா அடிச்சதுதான்," என்றார். "மூணு தடவை பாத்தேன்கா."

ஆகஸ்ட் 29, சனி

முடிந்தது. எல்லாம் நாளை எழுதுகிறேன். இன்று அடுப்பே மூட்டவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

பட்டியலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நான்கு மணிக்கே மண்டபம் போய்விட்டேன். காற்றுக்கு இவர் செய்துகொடுத்த மறைப்புத் தட்டி. மழைக்குத் தார்ப்பாய். துப்பட்டாக்காரர்களைத் தள்ளி நிறுத்தத் தொட்டியைச் சுற்றிப் பூந்தொட்டிகள். இரண்டு வாளி மணல். மூன்று நீள லைட்டர். மண்டப மேலாளர் வந்து, "மேடம், தொட்டியில ஃபவுண்டன் இருக்கு, போட்டா எடுப்பா இருக்கும்," என்றார். எட்டாவது! தண்ணீர் பீய்ச்சி எல்லாம் அணைவது. "ப்ளக்கைப் பிடுங்கி என் பையில வெச்சிருக்கேன் சார்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஆறரைக்கு ஏற்றினோம். இவர் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துத் தொட்டிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக விட்டார். எண்பதும் மிதந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை. இருட்ட இருட்ட, அவை மெதுவாக நகர்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, மறுபடி விலகிப் போயின. விருந்தாளிகள் மாதிரி. வாலு என் கையை விடவே இல்லை.

பதினேழும் நடக்கவில்லை. நான் மயங்கிக்கூட விழவில்லை.

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ சிரிக்கும் சத்தம். பிறகு இன்னொருவர். எல்லோரும் தொட்டியைப் பார்க்கவில்லை, தொட்டியின் முன்னால் இருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அட்டை. தங்க நிற எழுத்தில், பெரிதாக:

மிதக்கும் முழுகுவத்திகள்
மணமகளின் அண்ணி கைவண்ணம்

மூன்று தடவை பார்த்தேன். சத்தியமாக மூன்று தடவை. இந்த ஒரு மாதமாக வீட்டில் வேறு வார்த்தையே இல்லை, என் கண்ணுக்கு அது சரியாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டில், எல்லோரும் வந்துபோகும் வாசலில், நான் என் கையால் முழுகு என்று எழுதி வைத்திருக்கிறேன். அத்தை என்ன நினைப்பார், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? காது இரண்டும் சுட்டது. அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று போனேன்.

மணப்பெண் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தாள். நெற்றி சுருங்கப் படித்தாள். உதடு அசைய இன்னொரு முறை படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொண்டு:

"அண்ணி. மிதக்குமா, முழுகுமா? ஒரு முடிவுக்கு வாங்க."

அவ்வளவுதான். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் முதல்முறை பார்க்கிறேன். "நான்கூட ஏமாந்தேன் இவகிட்ட," என்று சம்பந்தியம்மாவிடம் மாதுளம்பழக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் எனக்கு ஒரே இரவில் பெரும் புகழ். வாலு மட்டும் எல்லோரையும் அதட்டினாள். "ஏன் சிரிக்கறீங்க? சரியாத்தான் எழுதியிருக்கு."

கடைசி மெழுகுவத்தி அணைய ஒன்பதே முக்கால் ஆயிற்று. நாத்தனார் அட்டையை எடுத்துப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். "நல்ல அட்டை வேணா அடிச்சுத் தரேன்," என்றேன். "இதுதான் வேணும்," என்றாள். வண்டியில் ஏறும்போது என் காதோரம் குனிந்து, "எண்பது. எண்ணிட்டேன், முடிச்ச அண்ணி," என்றாள்.

எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பழைய பேரே இருக்கட்டும் என்று தோன்றியது.

செப்டம்பர் 2, புதன்

சமையலறையில் எதை எடுத்தாலும் மெழுகு. கரண்டியில், தாழ்ப்பாளில், வாலுவின் செருப்பில். நாற்காலிகள் நிமிர்ந்து நின்றுவிட்டன. வாலு அவற்றைப் பார்த்துவிட்டு, "கோட்டை எங்க? அத்தை எங்க?" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

இன்று சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜன்னலோர மேஜை, அதன் மேல் சுவரில் சாய்த்த என் அட்டை. கீழே ஒரு வரி: 'இங்கே எல்லாக் கதவும் சாத்தியிருக்கு அண்ணி.' ஃபோன் செய்தேன். நன்றாக இருக்கிறேன் என்றாள், சாப்பிட்டேன் என்றாள், குரல் மூக்கிலிருந்து வந்தது. அன்றைக்கு மாதிரியே எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. ஃபோனை வைத்ததும் எல்லாம் வந்தது.

அதனால்தான் இதை நேராக உனக்கே எழுதுகிறேன்.

இந்த நோட்டைக் காலையில் தபாலில் அனுப்பப் போகிறேன். கூடவே மிச்சமிருந்த பன்னிரண்டில் ஆறு, எல்லாம் அந்த மாம்பழ நிறம். பால்கனியில் வைக்காதே. மூன்றாம் தேதிப் பக்கத்தில் உன்னைத் திட்டியிருக்கிறேன், தேள் என்று எழுதியிருக்கிறேன். கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருபத்திரண்டாம் தேதிப் பக்கமும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படி.

இது கைக்கு வந்ததும் ஒரு வேலை செய். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, ஒரு பூவை அதில் விட்டு, எதிர் வீட்டுக் கதவைத் தட்டு. 'நெருப்புப் பெட்டி இருக்கா?' என்று கேள். உன் சமையலறையில் நெருப்புப் பெட்டி இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தப்பாகப் போக என்னென்ன வழி என்று நான் பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டேன். நாலுதான் வந்தது.

நோட்டில் பாதி இன்னும் வெள்ளையாக இருக்கிறது. ஆமாம், இதையும் பாதியில் விட்டேன், சொல்லிக்கொள். இந்தத் தடவை வேண்டுமென்றே. மிச்சம் உன் பக்கம். முதல் வரி வரவில்லை என்றால் 'பால், சோப்பு, பேனா' என்று எழுது, நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அடுப்பை ஒரு முறைதான் பார்த்தேன். சரி, இரண்டு.

வாலு தினமும் கேட்கிறாள். எழுதி, நோட்டைத் திருப்பி அனுப்பு. சீக்கிரம் பதில் எழுது.